மழைக்காடும் கடலும் சேரும் கரைக்கு முதல் பயணம்: லிட்டில் அந்தமான் போக என்னென்ன ஏற்பாடு வேண்டும்?

கோபி_வயல்

எல்லோருக்கும் வணக்கமுங்க. ஊர் கோபிச்செட்டிபாளையம் பக்கம். தை அறுப்பு முடிந்ததும், பிப்ரவரியில் அப்பா, மச்சான், நான் மூன்று பேரும் லிட்டில் அந்தமான் போவதாக இருக்கிறோம். ஹேவ்லாக், நீல் தீவுகளில் கூட்டம் அதிகம் என்பதால் அதை விட்டுவிட்டோம். காடு அப்படியே கடல்மணல் வரை இறங்கி நிற்பதைப் பார்க்க வேண்டும் என்பது அப்பாவுக்கு ரொம்ப நாள் ஆசை. அவருக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார், மற்றபடி வயலில் எங்களைவிட நன்றாக நடப்பார்.

திட்டம் இதுதான். முதல் நாள் கோவையிலிருந்து சென்னை வழியாகப் போர்ட் பிளேருக்கு விமானம். மறுநாள் லிட்டில் அந்தமானின் துறைமுகமான ஹட் பேக்குக் கப்பல். ஒரு வாரம் அங்கே. ஒன்பதாம் நாள் கப்பலில் திரும்பி, பத்தாம் நாள் காலை விமானம் ஏறிவிடுவோம்.

வாங்க நினைப்பது: கூடாரம், நல்ல ட்ரெக்கிங் ஷூ, மழைக்கோட்டு, தண்ணீர் புகாத பை, சாட்டிலைட் மூலம் செய்தி அனுப்பும் கருவி. மூவரும் காட்டில் நடந்திருக்கிறோம். கடலோரத்தில் தங்கிப் பழக்கமில்லை. விட்டுப்போனதைச் சொல்லுங்கள்.

தீவுக்காரி

தம்பி, சொந்த ஊர் எனக்குத் தாராபுரம். கல்யாணமாகி வந்து போர்ட் பிளேரிலேயே குடியிருக்கிறேன். 2024 செப்டம்பரில் ஊர் பெயரை ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றிவிட்டார்கள். சீட்டில் எந்தப் பெயர் இருந்தாலும் ஊர் ஒன்றுதான், குழம்ப வேண்டாம்.

பொருட்களை அப்புறம் பேசலாம், முதலில் நாட்களைத் திருத்துங்கள். ஹட் பேயிலிருந்து வந்த மறுநாளே விமானம் என்பது ஆகவே ஆகாது. லிட்டில் அந்தமான் இங்கிருந்து சுமார் 120 கிலோமீட்டர் தெற்கே இருக்கிறது. அரசுக் கப்பலில் ஏழெட்டு மணி நேரம் ஆகும். நடுவில் டங்கன் ஜலசந்தியைத் தாண்ட வேண்டும். அங்கே காற்று எழுந்தால் கப்பல் கிளம்பாது. சில சமயம் வானம் தெளிவாகவே இருக்கும், கப்பலில் பழுது என்று நிறுத்திவிடுவார்கள். நேரமும் முந்தைய நாள் மாலை மாறும். ஹெலிகாப்டர் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். இருக்கைகள் மிகக் குறைவு, நோயாளிகளுக்கும் தீவுவாசிகளுக்கும்தான் முன்னுரிமை.

அதனால் தீவை முன்னால் வையுங்கள். இறங்கிய உடனே ஹட் பேக்குப் போய், பயணத்தின் கடைசி மூன்று நாட்களைப் போர்ட் பிளேருக்கு ஒதுக்குங்கள். கப்பல் தாமதமானால் அந்த நாட்கள்தான் குறையும், விமானத்தைத் தவறவிட மாட்டீர்கள். சரியான நேரத்துக்கு வந்துவிட்டால் செல்லுலார் சிறை, சிடியா டாப்பு எல்லாம் நிதானமாகப் பார்க்கலாம். விமானச் சீட்டும் தேதி மாற்றக் கூடியதாக எடுங்கள். கொஞ்சம் காசு கூட ஆனாலும் பரவாயில்லை.

போகும் கப்பலே ரத்தானால் என்ன செய்வது என்பதையும் இப்போதே மூவரும் உட்கார்ந்து பேசிவிடுங்கள். சிடியா டாப்பு இங்கிருந்து 25 கிலோமீட்டர்தான், காடு கடலில் வந்து முடிவதை அங்கேயும் பார்க்கலாம். மவுண்ட் ஹாரியட்டில் (2021 முதல் பெயர் மவுண்ட் மணிப்பூர்) நல்ல மழைக்காட்டு நடைபாதை இருக்கிறது. இந்த மாற்று கையில் இருந்தால் ரத்து என்ற செய்தி வந்தாலும் அப்பா முகம் வாடாது.

மேட்டாங்காடு

அக்கா சொல்வது சரிங்க. ஆனால் மூன்று நாள் என்பது ரொம்ப அதிகம் இல்லையா? பத்து நாள் விடுப்பில் மூன்று நாளைச் சும்மா வைத்திருப்பதா? பிப்ரவரி நல்ல காலநிலை என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்?

தீவுக்காரி

நல்ல காலம்தான் தம்பி. ஜனவரி முதல் ஏப்ரல் வரை இங்கே மழை குறைவு. மே கடைசிக்குள் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும், அது விட்டதும் வடகிழக்கு. ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர். கோவை நகரில் 600, 700 பெய்தாலே நல்ல மழை என்போம், அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வறண்ட மாதத்தில் கப்பல் ஓட வாய்ப்பு அதிகம், உறுதி கிடையாது. இரண்டு நாளாவது வையுங்கள். அதற்குக் கீழே போகச் சொல்லி நான் யாருக்கும் ஆலோசனை தர மாட்டேன்.

சோலையாறு

வால்பாறைப் பக்கம் எஸ்டேட்டில் வளர்ந்தவன் நான். கோபி அண்ணா, காட்டில் நடந்திருக்கிறோம் என்றீர்களே, அது பர்கூர் மலைக் காடா, ஆனைமலைச் சோலையா? வித்தியாசம் பெரிது. வறண்ட காட்டில் நடந்த காலுக்கு ஈரக்காடு புதிது. வேர் வழுக்கும், பாசி வழுக்கும், விழுந்த மரத்தின் மேல் கால் வைத்தால் உள்ளே பொசுக்கென்று இறங்கிவிடும். போவதற்கு முன் ஒரு தடவை மூவரும் வால்பாறை வந்து, அனுமதி உள்ள இடத்தில், நனைந்த ஷூவோடு அரைநாள் நடந்து பாருங்கள். எங்கே தோல் உரிகிறது, எந்தப் பை தோளை அறுக்கிறது என்று அன்றைக்கே தெரிந்துவிடும். புது ஷூவை அந்தமானில் பிரிக்கவே கூடாது.

இன்னொன்று. ஆனைமலையில் நாம் காதைத் தீட்டிக்கொண்டு நடப்பது யானைக்காக. சிறுத்தை, காட்டெருமை, கரடி எல்லாம் மனதில் இருக்கும். அந்தமான் காட்டில் புலி, சிறுத்தை இயற்கையாகவே கிடையாது. யானையும் மனிதன் மரம் இழுக்கக் கொண்டுபோனதுதான். அதனால் நம் ஆட்கள் அங்கே போனதும் காடு சாது என்று தளர்ந்துவிடுவார்கள். அங்கே ஆபத்து தண்ணீரில் இருக்கிறது. மரத்தைப் பார்த்து நடந்த பழக்கத்தை விட்டு ஓடையையும் கழிமுகத்தையும் பார்த்து நடக்க வேண்டும்.

ஆழியாறு

முதலையைத்தானே சொல்கிறீர்கள்? உடுமலைப் பக்கம் அமராவதி அணையில் ரொம்ப வருடமாக முதலைப் பண்ணை இருக்கிறது. சின்ன வயதிலிருந்து பார்க்கிறோம். வெயிலில் வாயைத் திறந்துகொண்டு கிடக்கும்.

சோலையாறு

அமராவதியில் இருப்பது நன்னீர் முதலைங்க. அந்தமானில் உவர்நீர் முதலை. இன்றைக்கு உலகில் வாழும் ஊர்வனவற்றிலேயே மிகப் பெரியது அதுதான். ஆண் ஐந்து, ஆறு மீட்டர் வரை வளரும். கடலிலும் நீந்திப் போகும். அலையாத்திக் காட்டு ஓடை, ஓடை கடலில் சேரும் இடம், இந்த இரண்டும் அதன் வீடு. ஹேவ்லாக்கில் 2010ல் ஓர் அமெரிக்கப் பெண்மணி கடலில் முதலை தாக்கி இறந்துபோனார். பார்க்கத் தெளிவாக, நீலமாக இருக்கும் தண்ணீர்தான் அது.

தீவுக்காரி அக்கா, அங்கே உள்ளூரில் என்ன முறை வைத்திருக்கிறார்கள்?

தீவுக்காரி

விடியும் முன்பும் பொழுது சாய்ந்த பிறகும் தண்ணீரில் இறங்க மாட்டோம். ஓடை வாயில் எந்த நேரத்திலும் இறங்க மாட்டோம், கால் கழுவக்கூட மாட்டோம். மீன் கழுவிய கழிவு கொட்டும் இடத்துக்குப் பக்கத்தில் குழந்தைகளை விடுவதில்லை. ஒரு கடற்கரையில் எச்சரிக்கைப் பலகை இல்லை என்றால் பாதுகாப்பு என்று அர்த்தமில்லை. பக்கத்து வீட்டில் கேட்டுவிட்டுத்தான் இறங்குவோம். இந்த மாதம் எங்கே தலை தெரிந்தது என்று மீன்பிடிப்பவர்களுக்குத் தெரியும்.

இதனால்தான் கூடாரத்தை வாங்காதீர்கள் என்கிறேன். மணலில் கூடாரம் போட்டுப் படுப்பது முதலைக்கும் பக்கம், கடல் ஏற்றத்துக்கும் பக்கம். காட்டுக்குள் போட வனத்துறை அனுமதி வேண்டும். ஹட் பேயிலும் நேதாஜி நகரிலும் சின்ன விடுதிகள், வீட்டோடு சேர்ந்த அறைகள் கிடைக்கும். அங்கே இடம் சொல்வதே கிலோமீட்டர் கல்லை வைத்துத்தான். ஸ்கூட்டர் வாடகைக்கு எடுத்துக்கொண்டால் பட்லர் பே கடற்கரை, அருவிகள் எல்லாம் பகலில் போய் வரலாம்.

பகல் என்றதும் நினைவு வருகிறது. நம் ஊரைவிட இங்கே ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்பே பொழுது விழுந்துவிடும். கடிகாரம் ஒன்றுதான், நாங்கள் கிழக்கே தள்ளி இருக்கிறோம். பிப்ரவரியில் மாலை ஐந்தரைக்கெல்லாம் சூரியன் மறையும், காட்டுக்குள் அதற்கும் முன்பே இருட்டு. விடிகாலையில் கிளம்பி மூன்று மணிக்கெல்லாம் திரும்பப் பழகுங்கள்.

நொய்யல்_பனியன்

திருப்பூர்க்காரன் துணியைப் பற்றிப் பேசாமல் போக முடியாதுங்க. பனியன் கம்பெனியில் துணித் தரம் பார்க்கும் வேலை.

சாதாரணக் காற்றில் பருத்தி தன் எடையில் சுமார் 8.5 சதவீதம் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் 0.4 சதவீதம்தான். நம் ஊர் வறண்ட காற்றுக்குப் பருத்தி சொர்க்கம். காற்றே ஈரமாக இருக்கும் இடத்தில் துவைத்த பருத்திச் சட்டை மறுநாளும் காயாது. ஈரத் துணியோடு நடந்தால் தொடை இடுக்கு, அக்குள் எல்லாம் உராய்ந்து புண்ணாகும், பூஞ்சை பிடிக்கும். நடப்பதற்கு மெல்லிய பாலியஸ்டர் முழுக்கைச் சட்டை இரண்டு போதும். காதர்பேட்டையில் ஏற்றுமதியில் மிஞ்சியது நல்ல தரத்தில் கிடைக்கும், பிராண்டு கடைக்குப் போக வேண்டியதில்லை. துணியைக் கையில் எடுத்துப் பார்க்கும்போது 140 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) பக்கம் இருப்பதைக் கேளுங்கள், 180க்கு மேல் போனால் அங்கே வேகும்.

ஆனால் ராத்திரி படுக்கப் பருத்திதான். ஒரு வேட்டி, ஒரு பனியனைத் தனியாக, காற்றுப் புகாத உறையில் கட்டி வையுங்கள். பகலில் எவ்வளவு நனைந்தாலும் அதைத் தொடக் கூடாது. ராத்திரி உடம்பு காய்ந்தால்தான் மறுநாள் நடக்க முடியும். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம்.

மேட்டாங்காடு

பாலியஸ்டர் நாற்றம் அடிக்குமே அண்ணா?

நொய்யல்_பனியன்

அடிக்கும். தினமும் அலசிப் போடுங்கள், ஒரு மணி நேரத்தில் ஓரளவு காய்ந்துவிடும். நாற்றத்தைப் பொறுத்துக்கொள்ளலாம், புண்ணோடு நடப்பது கஷ்டம்.

காளிங்கராயன்கரை

ஈரோட்டில் செவிலியராக இருக்கிறேன். இந்த இழையில் மருத்துவம் பேசாதது கவலையாக இருந்தது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அப்பாவின் மாத்திரை. தேவையான நாட்களைப் போல் இரண்டு மடங்கு எடுங்கள். பாதி அவர் பையில், பாதி உங்கள் பையில். கப்பல் தாமதமானால் மாத்திரையும் தீர்ந்துபோகும், இதை யாரும் யோசிப்பதில்லை. மருந்துச் சீட்டைப் படமெடுத்து மூவர் போனிலும் வையுங்கள். கிளம்பும் முன் ஒருமுறை ரத்த அழுத்தம் பார்த்துவிடுங்கள். கப்பல் குமட்டலுக்கு ஆவோமின் மாதிரி மாத்திரையைக் கப்பல் ஏறும் முன்பே போட வேண்டும், வாந்தி வந்த பிறகு போட்டுப் பயனில்லை. அது தூக்கம் தரும். அப்பாவுக்குக் கொடுக்கலாமா என்று அவருடைய மருத்துவரையே கேளுங்கள்.

அடுத்தது எலிக்காய்ச்சல். அந்தமானில் பல வருடம் ரத்தக்கசிவோடு வந்துகொண்டிருந்த ஒரு காய்ச்சலுக்குக் காரணம் தெரியாமல் ‘அந்தமான் காய்ச்சல்’ என்றே சொல்லிவந்தார்கள். அது லெப்டோஸ்பைரா கிருமியால் வரும் எலிக்காய்ச்சல் என்று பின்னால் தெரிந்தது. எலி, மாடு, பன்றி இவற்றின் சிறுநீர் கலந்த தண்ணீரும் சேறும் தோலில் உள்ள கீறல் வழியே உள்ளே போகும். வயலில் இறங்கும் நம் ஆட்களுக்கும் இது வரும் என்பதால் அப்பாவுக்கு விளங்கும். காலில் புண் இருந்தால் தேங்கிய நீரில் இறங்கக் கூடாது. புண்ணைக் கழுவி, மூடி வையுங்கள். தடுப்பு மாத்திரை தேவையா என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

மலேரியாவும் தீவுகளில் இருந்திருக்கிறது. மாலையில் முழுக்கை, இரவில் கொசுவலை. இங்கே முக்கியமான ஒன்று: வீட்டுக்கு வந்து சில வாரம் கழித்துக் காய்ச்சல் வந்தாலும் “அந்தமான் போய் வந்தேன்” என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். வைரஸ் காய்ச்சல் என்று இரண்டு நாள் தள்ளிப்போடுவதில்தான் சிறுநீரகம் வரை போய்விடுகிறது.

டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று பாருங்கள். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள், புண் கட்டும் துணி, கிருமிநாசினி, கிளிஞ்சல் குத்தினால் எடுக்க ஒரு சின்ன இடுக்கி, இவை போதும்.

பாம்பு பற்றி ஒரு வார்த்தை. நம் நாட்டில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் இந்த நான்கின் விஷத்துக்குச் செய்தது. அந்தமானில் குழிவிரியன் உண்டு, அதற்கு இது சரியாக வேலை செய்யாது. அதனால் கடிபடாமல் இருப்பதில்தான் கவனம் வேண்டும். இரவில் டார்ச் இல்லாமல் கால் வைக்காதீர்கள், ஷூவை உதறிப் போடுங்கள், விறகுக் குவியலில் கை விடாதீர்கள். கடித்துவிட்டால் கட்டுப்போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம். அசையாமல் வைத்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். ஹட் பேயில் இருப்பது சிறிய அரசு மருத்துவமனை. பெரிய சிகிச்சை என்றால் போர்ட் பிளேர் ஜி.பி. பந்த் மருத்துவமனைதான்.

தீவுக்காரி

அக்கா எழுதியது ஒவ்வொன்றும் உண்மை. மணல் ஈயை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, கணுக்காலைச் சுற்றிக் கடிக்கும், சொறிந்தால் சீழ் பிடிக்கும். தேங்காய் எண்ணெயைத் தடிமனாகப் பூசிக்கொண்டால் அதனால் கடிக்க முடியாமல் போகிறது. காங்கேயத்து எண்ணெய் ஒரு புட்டி எடுத்து வாருங்கள். மணலில் நேராக உட்காராமல் விரிப்புப் போட்டு உட்காருங்கள்.

ஆழியாறு

நீச்சல் பற்றிக் கேட்கலாமா? நாங்கள் எல்லாம் கிணற்றில் குதித்துப் பழகியவர்கள். பிஏபி (பரம்பிக்குளம் ஆழியாறு) பாசன வாய்க்காலில் எதிர்நீச்சல் போட்டிருக்கிறோம். கடலில் என்ன மாறும்?

தீவுக்காரி

கிணற்றில் கரை எட்டு அடியில் இருக்கும், தண்ணீர் உங்களை எங்கேயும் கொண்டுபோகாது. பட்லர் பே அலை ஏறும் கடற்கரை, அலைச்சறுக்கு விளையாட வெளியிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். கரைக்கு வந்த தண்ணீர் ஓர் இடத்தில் கூடி, ஆறு மாதிரி கடலுக்குள் திரும்ப ஓடும். அந்த இடத்தில் அலை உடையாது, அமைதியாகத் தெரியும். புதிதாக வருபவர்கள் அங்கேதான் இறங்குவார்கள். இழுத்துக்கொண்டு போனால் கரையை நோக்கி நீந்தாதீர்கள், களைத்துப்போவீர்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பிலிருந்து வெளியே வந்து, அப்புறம் அலையோடு கரை சேருங்கள். முடியாவிட்டால் மல்லாந்து மிதந்து கையைத் தூக்குங்கள். மூவரில் ஒருவர் எப்போதும் கரையில் நிற்கட்டும்.

கடல் ஏற்ற இறக்கத்தையும் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு இறக்கம். ஒவ்வொரு நாளும் ஐம்பது நிமிடம் போலத் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்ற இறக்கம் அதிகம், வித்தியாசம் இரண்டு மீட்டர் வரை போகும். வீட்டில் தொங்கும் தினசரிக் காலண்டரே இதற்கு உதவும். பாறை மூக்கைச் சுற்றி நடந்து அடுத்த கரைக்குப் போவதானால் நீர் இறங்கிக்கொண்டிருக்கும்போது கிளம்புங்கள். ஏறத் தொடங்கிய பின் போனால் ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் பாறை, நடுவில் மாட்டிக்கொள்வீர்கள்.

நிலம் பலமாக அதிர்ந்தாலோ கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினாலோ எதையும் எடுக்காமல் மேட்டுக்கு ஓடுங்கள். 2004 டிசம்பர் 26ல் ஹட் பே பட்ட பாட்டை இன்றும் பேசுவார்கள். லிட்டில் அந்தமானின் பழங்குடியான ஓங்கே மக்கள் கடல் பின்வாங்குவதைக் கண்டதும் உயரமான இடத்துக்குப் போய்த் தப்பித்தார்கள்.

மேட்டாங்காடு

ஓங்கே மக்களைப் பார்க்க முடியுமா? பாராடங் சாலையில் போனால் ஜாரவா மக்களையும் பார்க்கலாம் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள்.

தீவுக்காரி

முடியாது, பார்க்கவும் கூடாது. பழங்குடியினர் பாதுகாப்புக்கு 1956லேயே தனி ஒழுங்குமுறைச் சட்டம் போட்டிருக்கிறார்கள். லிட்டில் அந்தமானில் டுகாங் கிரீக், சவுத் பே பக்கம் ஓங்கே ஒதுக்கிடம், வெளியாட்கள் நுழையக் கூடாது. ஜாரவா காட்டு வழியே வண்டிகள் காவலோடு வரிசையாகத்தான் போகும், நிறுத்தவோ படமெடுக்கவோ அனுமதியில்லை. அவர்களைப் பார்ப்பதற்காகவே அந்தச் சாலையில் ஏறுவது தவறு. ஓங்கேக்கள் இன்று நூறு சொச்சம் பேர்தான். நமக்குச் சாதாரணமான சளி அவர்களுக்குச் சாவாகலாம். அந்த வீடியோ எடுத்தவர்கள் இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

மேட்டாங்காடு

புரிகிறது அக்கா. இதை எனக்கு யாரும் இப்படிச் சொன்னதில்லை.

ஆழியாறு

கோபி தம்பி, சாட்டிலைட் கருவியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். தொலைத்தொடர்புத் துறை அனுமதி இல்லாமல் அதை வைத்திருப்பதே நம் நாட்டில் சட்டவிரோதம், விமான நிலையத்திலேயே பிரச்சினை வரும். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் போட்ட பிறகு லிட்டில் அந்தமானிலும் இணையம் வந்துவிட்டது. ஆனால் ஊரைத் தாண்டினால் சிக்னல் நிச்சயமில்லை. எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று தாளில் எழுதி விடுதிக்காரரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். மின்சாரம் டீசல் ஜெனரேட்டரில் ஓடுவது, அடிக்கடி போகும். பவர் பேங்கைக் கைப்பையில் வையுங்கள், விமானத்தில் சரக்குப் பெட்டியில் போட விடமாட்டார்கள். பணம் ரொக்கமாக இருக்கட்டும்.

கோபி_வயல்

எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க. நேற்று ராத்திரி அப்பாவுக்கு முழுவதையும் படித்துக் காட்டினேன். திட்டத்தை மாற்றிவிட்டோம். இறங்கிய மறுநாள் ஹட் பே, அங்கே ஐந்து நாள், மீதி போர்ட் பிளேர். கப்பல் ரத்தானால் சிடியா டாப்பு, மவுண்ட் ஹாரியட். கூடாரமும் சாட்டிலைட் கருவியும் இல்லை. அந்தக் காசில் தேதி மாற்றக் கூடிய விமானச் சீட்டு எடுக்கிறோம். வரும் ஞாயிறு வால்பாறை, நனைந்த ஷூ நடை. அப்பா கிளிஞ்சல் பொறுக்கிப் பேத்திக்குக் கொண்டுவரலாமா என்று கேட்கிறார்.

தீவுக்காரி

வேண்டாம் என்று சொல்லுங்கள். செத்த பவளம்கூட வனவிலங்குச் சட்டத்தில் வரும், கிளிஞ்சல்களிலும் பல வகை அப்படித்தான், விமான நிலையத்தில் பையைச் சோதிப்பார்கள். அனுமதி பெற்ற கடையில் ரசீதோடு ஏதாவது வாங்கிக்கொடுக்கலாம்.

ஹட் பே சீட்டு கப்பலுக்குச் சில நாள் முன்புதான் திறக்கும், சீக்கிரம் தீர்ந்துவிடும். ஆதார் அசலைக் கையில் வைத்திருங்கள். அந்தக் கப்பலில் படுக்கை இருக்கிறதா என்று கேட்டு, இருந்தால் அப்பாவுக்குக் கீழ்ப் படுக்கையாகக் கேளுங்கள். ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில் வரிசையில் நிற்கும்போது இந்தி தடுமாறினால் தமிழில் பேசிப் பாருங்கள், பதில் சொல்ல யாராவது இருப்பார்கள்.